மணிச் சத்தத்துக்கு ஓடிய வகுப்பு

சுனாமிக்கு அடுத்த வருடம், கல்லடியில் வாவிப் பக்கமாகப் போட்ட தகரக் கொட்டிலொன்றில் எனக்கு முதலாம் வகுப்புத் தந்தார்கள். காற்று ஒரு பக்கத்தால் நுழைந்து, வெண்கட்டித் தூளையும் பிள்ளைகளின் பவுடர் வாசத்தையும் அள்ளிக்கொண்டு மறுபக்கத்தால் போகும். எனக்கும் அப்படித்தான், கால் ஓரிடத்தில் நில்லாது. பிள்ளைகளுக்கோ இருந்த வாங்குப் பலகையை விட்டு அசையவே பயம்.

கடைசி வாங்கில் ஒரு தாய் மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மற்றத் தாய்மார் வேலியோடு நின்று எட்டிப் பார்க்க, இவர் மட்டும் உள்ளே வந்துவிட்டார்.

"அம்மா, நீங்க வெளிய நிண்டா நல்லம்."

"நான் இரிக்கிறதால உங்களுக்கு என்ன இடைஞ்சல்? படிப்பிங்க ரீச்சர். எனக்கும் ரெண்டு எழுத்து ஏறட்டும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கிட்டப் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"மூத்தவனக் கடல் கொண்டு போயிட்டு. இவள் ஒருத்திதான் மிச்சம். கடல் திரும்பி வந்தா, இத்தனை பிள்ளையில நீங்க எதைத் தூக்குவீங்க? எனக்கு மனம் கேக்காட்டி கடல் எட்டாத செங்கலடியில தங்கச்சி வீட்ட கொண்டுபோய் விட்டிருவன்."

பிள்ளையை மடியிலிருந்து இறக்கக் குனிந்தேன். அதற்குள் மற்றப் பிள்ளைகளும் அந்த மடியைப் பார்த்துவிட்டு வேலிப் பக்கம் கை நீட்டி அழத் தொடங்கினார்கள். இந்த ஒரு மடி காலியாகாவிட்டால் என் வகுப்பே மடிகளுக்குத் திரும்பிவிடும்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூட அதிபர் மணி அடித்தார். மாமரத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான் மணி. முதல் நாள், முதல் பாடம், மனுசனுக்கு உற்சாகம், விட்டு விளாசினார். சுனாமிக்குப் பிறகு நாங்கள் தங்கியிருந்த முகாமில் 'கடல் வருது' என்று யாராவது கத்தும்போதெல்லாம் அடித்ததும் இப்படி ஓர் இரும்பைத்தான். அவருக்கு அது நினைவில்லை. எங்கள் கால்களுக்கு நினைவிருந்தது.

அழுகை பட்டென்று நின்றது. ஒவ்வொரு பிள்ளையும் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்தது, முகாமில் பழகியபடி. மடியில் இருந்தவள் வழுக்கி இறங்கி வந்து என் கையைப் பற்றினாள்.

"ரீச்சர், சீலையத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஓடுங்க!"

ஓடினேன். ஏன் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஒரு செருப்பு மணலில் போயிற்று. வேலியோடு நின்ற தாய்மாரும் ஓடினார்கள். வாவிப் பாலத்தடியில் நின்று மூச்சு வாங்கும்போதுதான் அதிபர் மணி அடித்த கம்பியோடு பின்னால் வந்து சேர்ந்தார்.

"சேர், கடல் எவ்வளவு தூரத்தில?" என்றேன்.

"கடலா? நான் பாடத்துக்கெல்லோ மணி அடிச்சன்!"

சைக்கிளில் போன மீன்காரர் பிரேக் பிடித்தார்.

"என்ன சேர், முழுப் பள்ளிக்கூடமும் மீனுக்கு வரிசையில நிக்குதா? என்னட்ட கொஞ்சம்தான் கிடக்கு!"

சிரிப்பு தாய்மாரில் தொடங்கிப் பிள்ளைகளுக்குத் தொற்றியது. பாலத்துக் காவலரணில் நின்ற படையாள்கூடச் சிரித்தான். அந்தத் தாய் எல்லாருக்கும் பின்னால் வந்தார். மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, நீங்கதான் கடைசி."

தாய் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பில்லாத என் காலையும் பார்த்தார்.

"ரீச்சர், நீங்க இவளத் தூக்கல்ல. இவளெல்லோ உங்கள இழுத்து வந்திரிக்காள்!"

"ஓம். நல்ல கெதியா ஓடுறாள்."

கொட்டிலுக்குத் திரும்பியபோது அவர் வேலியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"எனக்குச் சோறு ஆக்கக் கிடக்கு. மத்தியானம் வாறன், புள்ள!"

மகள் திரும்பிப் பார்க்கவில்லை. தள்ளுப்பட்டுக்கொண்டு நின்ற பொடியன்கள் இரண்டு பேரைப் பிடித்து வாங்கில் இருத்துவதில் மும்முரமாக இருந்தாள்.