சுலோசனாவின் முதல் பந்தி

சுலோசனாவுக்கு மூன்று நோய்கள்: தைராய்டு, மூட்டுவாதம், கோதுமை ஆகாத குடல். காக்க வேண்டிய காவல்படையே உடம்பைத் தாக்குவதால் வருபவை என்று டாக்டரம்மா சொன்னபோது, "அப்ப மூணு ஷிப்டும் ஓடுதுன்னு சொல்லுங்க" என்றாள். ஹெப்பாள் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவளுக்கு அப்படித்தான் சொல்ல வந்தது.

விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. காபிக்குக் காத்திருக்கும் நேரத்தில் வெந்நீரில் விரல்களை மடக்கி நீட்டுவாள். கொள்ளேகால் பக்கத்துக் குடும்பம் என்பதால் ராகிக் களி இருக்கக் கோதுமை தேவைப்படவில்லை. விசேஷ வீடுகள்தான் சிக்கல். டிபன் பாக்ஸோடு போவாள்.

போன பொங்கலுக்கு அண்ணி சித்தம்மா அவளுக்காகவே எல்லாவற்றையும் அரிசியில் சமைத்தாள். அப்படியும் சுலோசனா நாலு நாள் அங்கேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

"எஞ்சோத்துல வெசமா வெச்சேன்?" என்ற சித்தம்மா அதன்பின் சரியாகப் பேசவில்லை.

இப்போது அண்ணன் மகன் விஜய்குமாருக்கு வீட்டிலேயே நிச்சயம். மாப்பிள்ளைக்கு அத்தை என்பதால் சுலோசனா, பெண் வீட்டாரோடு முதல் பந்தியில் உட்கார வேண்டும். டிபன் பாக்ஸைத் திறந்தால் குடும்பத்தில் சண்டை என்று நினைப்பார்கள். சாப்பிட்டு மறுபடி படுத்தால் அண்ணி உறவே போய்விடும்.

காலையிலேயே சமையலறைக்குப் போய் நின்றாள்.

"வேவு பாக்க வந்தியா?"

"ஆமாங்க அண்ணி."

அன்றும் சித்தம்மா கோதுமை, மைதா, ரவை எதையும் உள்ளே விடவில்லை. மைதாவில் தட்டும் ஒப்பட்டுப் போளிக்குப் பதில் அரிசிப் பாயசம். ரசம் நுரை கட்டியதும் பெருங்காய டப்பாவைத் திறந்தாள்.

"அது வேண்டாங்க அண்ணி. நான் சாப்பிடறதயெல்லாம் டாக்டரம்மா போன வாரம் ஒன்னொன்னா கேட்டாங்க. பெருங்காயம்னதும் அதுதான்னு சொல்லிட்டாங்க. கடையில விக்கறதுல பெரும்பாலும் கோதுமை மாவு கலக்கறாங்களாம்."

"பெருங்காயத்துலயா?"

"பொங்கலன்னைக்கு ரசத்துலயும் கூட்டுலயும் இருந்துச்சுங்களே."

சித்தம்மா டப்பாவைக் கீழே வைத்தாள். "வயித்துவலிக்கு நல்லதுன்னு வேளாவேளைக்கு மோர்ல வேற கலக்கிக் குடுத்தேனே, கண்ணு."

"அதனாலதான் நாலு நாளுங்க."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முதலில் சிரித்தது சித்தம்மாதான். டப்பா பரணுக்குப் போனது. பூண்டை நசுக்கி நெய்யில் தாளித்தாள்.

முதல் பந்தியில் சுலோசனா மூன்று முறை ரசம் வாங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணப்பெண்ணின் அம்மா, பரிமாறிய சித்தம்மாவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "ரசம் நல்லா இருக்குதே, என்னங்க போட்டீங்க?"

"போடாதத கேளுங்க சம்பந்தி" என்றபடி சித்தம்மா நாத்தனாரின் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.