பக்கத்து வீட்டுக்காரி

கோணி ஊசியைக் கொண்டையில் செருகிவிட்டுத்தான் இருதயம்மாள் டீ கிளாஸைக் கையில் வாங்குவாள். விரலைவிட நீளமான ஊசி. செருகினால் அதன் காது மட்டும் வெளியே தெரியும். மார்க்கெட்டுக்குப் போனாலும் அது அங்கேயேதான் இருக்கும். யாராவது புதுசாகப் பார்த்து, "இன்னாம்மா, தலையில ஊசி?" என்று கேட்டால், "பூ வாங்கிக் குடுக்க ஆளு இல்ல, ஊசி வெச்சிக்கினேன். உனுக்கு இன்னா?" என்பாள். கேட்டவர் நகர்ந்துவிடுவார். புருஷன் காய்ச்சலில் போய்ப் பதினைந்து வருஷமாகிறது. பிள்ளைகள் இல்லை.

துறைமுகத்துக்கு வரும் கோதுமைக் கப்பல்கள்தான் அவளுக்குச் சோறு போடுகின்றன. மூட்டைகளைக் கொக்கி போட்டு இழுக்கிறார்கள், சாக்கு கிழிகிறது. கிழிந்ததைத் தைப்பதற்கென்று ஷெட் ஓரத்தில் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய செருப்பிலிருந்து வெட்டிய தோல் துண்டை உள்ளங்கையில் கட்டிக்கொண்டு, சணல் உருண்டையை மடியில் போட்டுக்கொண்டு, ஆறு குத்து, ஒரு முடிச்சு, கடைவாயால் ஒரு கடி. அவ்வளவுதான், அடுத்த மூட்டை. கிழிசல் பெரிதாக இருந்தால் இருதயம்மாள் மூட்டையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கொக்கி போட்டவனை நாலு ஷெட்டுக்குக் கேட்கிற மாதிரி திட்டுவாள். "மூட்டைய இஸ்துக்கினு போடான்னா, வவுத்தக் கீய்ச்சி வெச்சிக்கீறான் பாரு, பேமானி!" மேஸ்திரி ஜெயவேலுக்கே அவளிடம் கொஞ்சம் பயம்தான். தனியாக நின்று பிழைக்கிற பெண்பிள்ளைக்கு நாலு பேர் பயப்படுவது நல்லதுதானே.

அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் நுழைந்ததும் ஆளே மாறிப்போவாள். ஆண்கள் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், கடைசித் தூணோரம், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்காருவாள். எல்லாரும் சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்க எழுந்து போகும்போது அவள் மட்டும் எழ மாட்டாள். இரண்டு வருஷமாக இப்படித்தான். நன்மை வாங்க வேண்டுமானால் முதலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். செய்தால், அப்பாவை முதியோர் விடுதியில் சேர்க்கச் சொன்ன அந்தப் பொய்யைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் சாமியார், போய் உண்மையை ஒப்புக்கொள் என்பார். ஒப்புக்கொண்டால் விடுதியிலிருந்து அப்பாவை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் இருதயம்மாள் பாவத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

அப்பா பாஸ்கல் பேசின் பிரிட்ஜ் யார்டில் முப்பது வருஷம் பாயிண்ட்ஸ்மேன். ரயில் வண்டிகளை இந்தத் தண்டவாளத்திலிருந்து அந்தத் தண்டவாளத்துக்குத் திருப்பிவிடுகிற வேலை. ரிடையராகிச் சில வருஷம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு தெருக்காரர்களின் பெயர் மறந்தது, கோயிலிலிருந்து வீட்டுக்கு வரும் வழி மறந்தது, சாப்பிட்டோமா இல்லையா என்பது மறந்தது. பாழாய்ப்போன ட்யூட்டி ஒன்று மட்டும் மறக்கவில்லை. மகள் வேலைக்குப் போனதும் அவரும் கிளம்பிவிடுவார். அடுத்த வீட்டு அஜீசுன்னிசா வாசலில் வழிமறித்து, "பெரிவரே, இன்னிக்கு உங்களுக்கு லீவுங்க" என்று உள்ளே திருப்பி அனுப்புவாள். தன் வீட்டு வேலையையும் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் அவளால் வாசலைக் காக்க முடியும்?

ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, கொடியில் காய்ந்த இருதயம்மாளின் சிவப்பு ரவிக்கையை எடுத்துக்கொண்டு போய், கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் லைனில் நின்றுவிட்டார். டிரைவர் பார்த்து பிரேக் போட்டதில் எஞ்சின் நாலு கஜம் தள்ளி நின்றது. கிழவர் ரவிக்கையை வீசிக்கொண்டே, "லைன் கிளியர் இல்ல, வண்டியப் பின்னால எடு!" என்று அதட்டினாராம். வீட்டில் கொண்டுவந்து விட்ட போலீஸ்காரர், "அடுத்த தபா வண்டி நிக்காதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால், கதவைப் பிறாண்டிப் பிறாண்டி அவருடைய நகம் இரண்டு பெயர்ந்திருந்தது. அதற்கடுத்த நாள் அவருடைய காலைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினாள். கட்டக் கயிறு தேடவில்லை. மடியில் சணல் இருந்தது. மூன்றாம் நாள் கணுக்கால் புண்ணாகிவிட்டது. சாக்கு தைக்கிற சணல் மனுஷத் தோலை அறுக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கட்டினாள். அந்த நினைப்பு வந்தால் இன்றைக்கும் ஊசி தடம் மாறிக் கையில் குத்திவிடுகிறது.

எண்ணூர் போகிற சாலையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் விடுதி இருப்பதாகச் சொல்லி அஜீசுன்னிசாதான் அனுப்பிவைத்தாள். கேட்டில் இருந்த வாட்ச்மேன், யாருக்கு என்று அவள் சொல்வதற்கு முன்பே உதட்டைப் பிதுக்கினான். "புள்ள கீறவங்கள சேக்க மாட்டாங்கம்மா. நாதியத்தவங்களுக்கே உள்ள எடம் இல்ல." இருதயம்மாள் உள்ளே போகாமல் திரும்பி வந்தாள். அடுத்த வாரம் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனாள். கையில், கிழவருக்கு யாரும் இல்லை என்று மேஸ்திரி ஜெயவேல் எழுதிக்கொடுத்த கடிதம். பங்குச் சாமியார் அவளுக்குத் திருமணம் செய்துவைத்தவர், அப்பா யார் என்று தெரிந்தவர், அவரிடம் போய் எந்த முகத்தோடு கடிதம் கேட்பது?

மதர் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நீ இவருக்கு என்ன வேணும்?"

"பக்கத்து வூடு, மதர்."

"இவருக்குப் பிள்ளைங்க?"

"யாரும் இல்ல."

மதர் பாஸ்கலைப் பார்த்து, "அப்படியா பெரியவரே? உங்களுக்கு யாருமே இல்லையா?" என்று கேட்டார்.

கிழவர் எங்கே காட்டிக்கொடுத்துவிடுவாரோ என்று இருதயம்மாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மகளை மரியாதையாக ஏற இறங்கப் பார்த்தார். "யாரும் இல்ல மதர். இந்த அம்மாதான் பாவம், வழி காட்டிக் கூட்டிக்கினு வந்துச்சு" என்றார்.

அவள் வேண்டிக்கொண்டு போனதும் அந்தப் பதிலைத்தான். ஆனால் திரும்பும் பஸ்ஸில் அவள் அழுத அழுகையைப் பார்த்து, கண்டக்டர் டிக்கெட் கேட்காமலே போய்விட்டார். அவர் காட்டிக்கொடுத்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"நீ இன்னா, கொலையா பண்ட்டே?" என்று அஜீசுன்னிசா சமாதானம் சொன்னாள். "சோறு கீது, படுக்கை கீது, பாத்துக்க ஆளு கீது."

"எல்லாம் கீது அஜீசு. நைனா வூட்ல இல்லியே."

ஞாயிறு பூசை முடிந்ததும் எண்ணூர் பஸ் ஏறிவிடுவாள். வழியெல்லாம் மனசுக்குள் நைனா, நைனா என்றுதான் ஓடும். விடுதி வாசலில் இறங்கியதும் அவர் பெரியவராகிவிடுவார், இவள் பக்கத்து வீட்டுக்காரியாகிவிடுவாள். தலை வாரிவிடுவாள், நகம் வெட்டுவாள், கணுக்கால் தழும்பில் எண்ணெய் தடவுவாள். கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காரலாம் என்றால் அது மட்டும் முடியாது. பக்கத்து வீட்டுக்காரி எவ்வளவு நேரம்தான் பிடித்துக்கொண்டிருப்பாள்? போன கிறிஸ்துமஸுக்கு, துணிமணி தானம் செய்ய வந்த பெரிய மனிதர்களிடம் மதர் இவளைச் சுட்டிக்காட்டி, "பெத்த பிள்ளைங்களே எட்டிப் பார்க்காத காலம். இந்தம்மா யாரோ எவரோ, ஒரு வாரம் தவறினதில்லை" என்று புகழ்ந்தார். எல்லாரும் கும்பிட்டார்கள். கொக்கிக்காரனை நாலு ஷெட்டுக்குக் கேட்கத் திட்டுகிறவள் அன்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீன் வறுத்து எடுத்துக்கொண்டு போயிருந்தாள். பாஸ்கல் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் டப்பாவைத் திறந்து அவர் மடியில் வைத்துக்கொண்டிருக்கும்போது மதர் வந்து நின்றார்.

"இருதயம், ஒரு விஷயம் கேக்கணும். கொஞ்ச நாளா இவர் 'என் மக வேலைக்குப் போயிருக்கா, வந்துடுவா'ன்னே சொல்லிக்கிட்டிருக்கார். சாப்பாட்டைக்கூட மகளுக்குன்னு எடுத்து வைக்கச் சொல்றார். இவருக்கு மக யாராவது உண்டா? உனக்குத் தெரியுமா?"

மகள் முந்தானையை விரலில் சுற்றினாள். "வயசாயிடிச்சி இல்ல மதர். இன்னா இன்னாவோ தோணும்" என்றாள்.

மதர் அங்கேயே நின்றார். கிழவர் இரண்டு பேரையும் கவனிக்காமல் மீனைப் பிட்டார். கட்டை விரலால் சதையை அழுத்தி அழுத்தித் தடவி, நடுமுள்ளை உருவினார். மயிரிழை முட்களை ஒவ்வொன்றாக எடுத்து பெஞ்சு விளிம்பில் துடைத்தார். ஒரு முறை ஊதினார். பிறகு கையை நீட்டி, இருதயம்மாளின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"முள்ளு இல்ல. துன்னு பாப்பா."

கை அந்தரத்தில் நின்றது. 'நீங்க சாப்டுங்க பெரிவரே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு வருஷமாக அவள் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைதான். இருதயம்மாள் மதரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பெஞ்சுக்குக் கீழே, அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, வாயைத் திறந்தாள்.