பக்கத்து வீட்டு ஜன்னல்

பாலக்கோட்டில் புது வீடு கட்டி, சமையலறைக்கு ஆசையாக ஒரு சிம்னி வாங்கினேன். மாட்ட வந்தவர், புகைக்குழாயை வாசல் பக்கச் சுவர் வழியாக வெளியே விடலாம் என்றார். வீட்டின் முகப்பே கெட்டுவிடும் என்று எனக்குக் கோபம். பக்கவாட்டுச் சுவரில் ஓட்டை போடச் சொன்னேன்.

"அங்க எதுத்தாப்புல ஜன்னல் இருக்குதுங்களே?"

"அது அவங்க வூட்டு ஜன்னல். நீங்க போடுங்க."

அவர் மாட்டிவிட்டுப் போனதும், சோதித்துப் பார்க்கக் காய்ந்த வாணலியில் ஒரு கை மிளகாய் வற்றலைப் போட்டேன். கருகிப் புகைந்தது. எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. சிரித்துக்கொண்டேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டில் இருமல் கேட்டது. நிற்கவே இல்லை. அங்கே தனியாக இருக்கும் ஷமீம் அக்காவுக்கு வீசிங் உண்டு. அது எனக்குத் தெரியும். திடீரென்று இருமல் நின்றது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

என் வாசல் கதவைத் திறந்தால் ஷமீம் அக்காவே நின்றார். ஒரு கையில் இன்ஹேலர், மறு கையில் பக்கெட் நிறையத் தண்ணீர்.

"கருகுற நாத்தம் வந்துச்சு. தீ கீ புடிச்சிருச்சா கண்ணு? உனக்கு ஒண்ணுமில்லயே?" மூச்சிரைக்கக் கேட்டார்.

"மொளகா கருகிருச்சுக்கா" என்றேன்.

இப்போது அந்தக் குழாய் வீட்டு முகப்பில்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. "அழகா இருந்த வூட்ட ஏன் கண்ணு இப்படிக் கெடுத்த?" என்று ஷமீம் அக்கா இன்றும் கேட்பார்.