பதினேழாம் எண்காரரின் பெயர்

காலை 6.10. திண்டிவனத்தில் விழுப்புரம் பேருந்து ஏறினேன். முன்னாலிருந்து நான்காவது வரிசை, ஜன்னலோரம். முண்டியம்பாக்கத்துக்கு முப்பது ரூபாய்.

மடியில் நான் எழுதிய புத்தகம். மனிதர்களின் மண்டையை அளந்து, இன்ன இனம் உயர்ந்தது, இன்னது தாழ்ந்தது என்று எழுதிவைத்த மருத்துவர்களைப் பற்றியது. முப்பத்தோரு ஆண்டு உழைப்பு. அட்டையில், அப்படி அளக்கப்பட்ட ஓர் இளைஞர். மேலுக்குச் சட்டையில்லை, கையில் 17 என்று எழுதிய பலகை. அவர் தன் அப்பா என்று லூர்துமேரி என்ற தையல்காரர் பதிப்பகத்துக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அவரைப் பார்க்கத்தான் போகிறேன். மறுபதிப்பு அச்சேற நான்கு நாள்தான். அவர் படத்தை நீக்கச் சொல்லிவிட்டால்? அந்தப் படத்தால்தான் என் புத்தகத்தையே பலருக்குத் தெரியும்.

பனியில் மல்லாட்டை எனும் வேர்க்கடலை வயல்கள் மிதந்தன. மின்கம்பங்களை எண்ணிக்கொண்டே வந்து நாற்பத்தாறில் கண்ணயர்ந்தேன்.

"பெருசு, தூங்கிக்கினே இருந்தா எப்டி? முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி ஸ்டாப்பிங் வந்திருச்சு, ஜல்தி எறங்குங்க!" என்று நடத்துநர் தட்டினார்.

அங்கிருந்து கிராமத்துச் சாலையில் இரண்டரைக் கிலோமீட்டர் நடந்தேன். புளியமரம் ஒவ்வொன்றிலும் வெள்ளை வண்ணத்தில் எண். பாதித் தூக்கத்தில் எனக்கு அவை பலகை பிடித்து நிற்பவர்களாகத் தெரிந்தன.

7.50. லூர்துமேரி தையல் இயந்திரத்தை விட்டு எழுந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். புத்தகத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"எத்தினி வருசமா இந்தப் படத்த வச்சிக்கினு இருக்கீங்க சார்?"

"இருபத்தாறு."

"பேரு தெரியுமா?"

அளந்த மருத்துவர்களின் பதிவேட்டில் அவர் மண்டையின் நீளம் இருந்தது, அகலம் இருந்தது, மூக்கின் அளவும் இருந்தது. பெயர் இல்லை. தேட எனக்கும் தோன்றவில்லை.

அவர் அளவு நோட்டைத் திறந்தார். "உங்க பேர சொல்லுங்க."

"எனக்கு எதுவும் தைக்க வேண்டாமே அம்மா."

"பேரு எழுதாம நான் யாரையும் அளக்கிறதில்ல. ஒருத்தர் துணி இன்னொருத்தருக்குப் போயிடும், பேஜாரு."

சொன்னேன். எழுதிக்கொண்டு, கழுத்தில் கிடந்த நாடாவை என் தலையில் சுற்றினார். "ஆடாதீங்க. இருபத்தொண்ணேகால். இம்மாம் படிச்சும் தலை சின்னதாத்தான் இருக்குது!" என்று சிரித்தார்.

பிறகு சிரிப்பு நின்றது. "படம் வேணாம் சார். எங்கப்பா சட்டை போடாம தெருவுல எறங்கினதே இல்ல. கழட்டச் சொல்லி போட்டோ புடிச்சிருக்காங்க. பேர மட்டும் போடுங்க. சின்னப்பன்."

படத்தை விட்டுவைக்க ஏழு காரணங்கள் யோசித்து வந்திருந்தேன். ஆனாலும் நீக்கிவிடுகிறேன் என்றேன். பெயரை எழுதிக்கொண்டேன்.

9.35க்குத் திரும்பும் பேருந்து. பனி கரைந்திருந்தது. சென்னையில் என் வீட்டில் நான்கு பெட்டிகளில் இப்படி அளக்கப்பட்டவர்களின் 412 படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் எண் உண்டு. இன்னும் 411 பேரின் பெயர் தெரிய வேண்டும். எனக்கு வயது எழுபத்தெட்டு.