அண்ணியின் பூரிப்பு

ஸ்ரீரங்கத்தில் ஒரு வளைகாப்பு வீட்டில் உறவுக்கார அம்மாள் ஒருவர் என் அண்ணியின் கன்னத்தைக் கிள்ளி, "கல்யாணத்தப்போ குச்சி மாதிரி இருந்தே. இப்ப பாரு, எப்படிப் பூரிச்சுட்டேன்னு! அடுத்தது உனக்குத்தான்" என்று சொன்னதும், அண்ணி வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டதும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. ஐம்பதுகளின் கடைசி அது. அண்ணிக்கு மாதவிலக்கு நின்றிருந்தது. வயிறும் சற்று முன்தள்ளியிருந்தது. பாலக்கரையில் எங்கள் வீடே பிள்ளைக்காகக் காத்திருந்தது.

நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். முகமும் வயிறும் பெருக்கப் பெருக்க அண்ணியின் கைகால்கள் மட்டும் மெலிந்துகொண்டே போனதை நான் கவனித்தேன். கதவு லேசாக இடித்தாலும் தோல் கன்றிப்போகும். அம்மி முன்னால் உட்கார்ந்தால் சுவரைப் பிடிக்காமல் எழ முடியாது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பாள். "பிள்ளைத்தாச்சின்னா அப்படித்தான்டி" என்று என்னிடம் சொல்வாள் அம்மா.

பரிசோதித்த லேடி டாக்டர் வயிற்றில் குழந்தையே இல்லை என்றார். அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அடுத்த சில வாரங்களில் விலாவில் வலி வந்து அண்ணி பாயில் புரண்டு துடித்தாள். சிறுநீரில் ரத்தம் போயிற்று. எங்கள் குடும்ப டாக்டர் தனக்குச் சந்தேகம் என்று பெரிய டாக்டரிடம் அனுப்பினார். அவர்தான் அண்ணனை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார்.

"கிட்னிக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்குங்க. அதுல கட்டி வந்து, அளவுக்கு மீறிச் சுரக்குது. அதனாலதான் இந்த ஊதல், ரத்தக்கொதிப்பு எல்லாம். எலும்புல இருக்கற சுண்ணாம்புச் சத்தும் கரைஞ்சு கிட்னியில கல்லாயிருக்கு."

சென்னையில் ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். சில மாதங்களில் அண்ணியின் பழைய முகம் திரும்பியது. கண்ணாடி முன் நின்று தாடையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டாள். ஆனால் வெகுகாலம் ஏறிக்கிடந்த ரத்தக்கொதிப்பும் கற்களும் சிறுநீரகங்களை அதற்குள் சிதைத்துவிட்டிருந்தன. உப்பில்லாத கஞ்சியைக்கூட வாந்தி எடுத்தாள். "வியாதிய எடுத்தாச்சுன்னாங்களே, அப்புறம் ஏன் எனக்குக் கால் வீங்குது?" என்று என்னைக் கேட்பாள். நான் அந்தக் காலைப் பிடித்துவிடுவேன். வேறென்ன செய்வது?

ஒருநாள் அண்ணன் டாக்டரிடம், "என்கிட்ட ரெண்டு இருக்கே சார், ஒண்ண எடுத்து அவளுக்கு வைக்க முடியாதா?" என்று கேட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெளிநாட்டுல எங்கேயோ செஞ்சு பாக்கறாங்களாம். நம்ம ஊருக்கு இன்னும் வரலைங்க."

அந்தப் பங்குனியில் அண்ணி போய்விட்டாள்.

இப்போது எங்கள் தெருவிலேயே, கணவன் கொடுத்த சிறுநீரகத்தோடு ஒரு பெண் தன் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறாள். அண்ணன் மறுமணம் செய்துகொள்ளவில்லை. எழுபது வயது தாண்டி வாழ்ந்தார். கடைசிவரை அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் நன்றாகவே வேலை செய்தன.