‘வேண்டாம்’ அக்காவும் முழு செட்டும்

குழந்தைப் பொருள் கடையின் இரண்டாம் மாடியில் பதினோரு வருடமாக விற்பனை பார்த்தவளுக்கு ‘வேண்டாம் அக்கா’ என்று பெயர். விற்கிற இடத்தில் நின்றுகொண்டு வாங்காதே என்று சொல்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வந்தவர்களின் ஆசை கண்ணில் தெரியும், பொருள் எதிரே இருக்கும். இவள் குறுக்கே நின்று, "இது இப்ப வேண்டாம்மா" என்பாள். முதலில் முழிப்பார்கள். பிறகு அவள் பேச்சைக் கேட்க உட்கார்ந்துவிடுவார்கள்.

அலமாரிகளில் மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வயது என்று அட்டைகள் தொங்கும். அவற்றை அவள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். "பிள்ள இப்ப என்ன பண்ணுது?" என்பதுதான் அவளுடைய கேள்வி. தலை நிற்கிறதா, குப்புற விழுகிறதா, உட்காருகிறதா, எதையாவது பிடித்து எழுகிறதா? ஏழு மாதத்தில் எழுந்து நிற்கிற அவசரக்காரனும் உண்டு. ஒரு வயது வரை உட்கார்ந்த இடத்திலிருந்தே ராஜ்யம் நடத்துகிற மகாராணியும் உண்டு. இருவருக்கும் ஒரே அட்டையைப் பார்த்து வாங்கினால் வீட்டில் சாமான்தான் சேரும்.

புது மேலாளர் அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். மரியாதை தெரிந்தவர்தான், ஆனால் மனசு முழுக்க ‘முழு செட்’. பிறந்த நாள் முதல் மூன்று வயது வரை வேண்டியதெல்லாம் ஒரே மூச்சில் வாங்க வைக்க வேண்டும்.

"அக்கா, இந்த வாரத்துக்குள்ள ஒரு முழு செட்டாவது உங்க கையால போகணும். இல்லன்னா உங்கள கிடங்குக்கு மாத்திடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

கிடங்கு என்றால் அட்டைப்பெட்டி, தூசி, ஒரு டியூப்லைட். மனித முகம் பார்க்க முடியாது.

வாரக் கடைசியில் ஒரு தம்பதி வந்தார்கள். மனைவி எட்டு மாதக் கர்ப்பிணி; கணவன் கையில் அனுமார் வால் போல ஒரு பட்டியல். மேலாளர் தூண் ஓரம் வந்து நின்றார்.

"முழு செட் எங்க இருக்கு?" என்றான் கணவன்.

"எடுக்கலாம். வீடு எத்தனாவது மாடி?"

"மூணாவது. லிப்ட் கிடையாது."

"கார்?"

"பஸ்தான்."

கடையிலேயே பெரிய குழந்தை வண்டியை உருட்டி வந்து, தானே மணல் நிரப்பித் தைத்த ஏழு கிலோப் பையை அதில் படுக்க வைத்தாள். அந்தப் பைக்குக் கடையில் ‘மூத்தவன்’ என்று பெயர். "இதத் தூக்கிட்டு மேல் மாடிக்குப் போய்ட்டு வாங்க."

போனவன் வியர்த்து விறுவிறுத்து வந்தான். மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவனே வண்டியைப் பட்டியலிலிருந்து அடித்தான். மாடிப்படி உள்ள வீட்டில் சக்கரம் வைத்த வாக்கர் ஆபத்து என்று அக்கா சொன்னதும் அதுவும் போயிற்று. கடைசியில் ஒரு சின்னத் தொட்டிலும், தலையைத் தாங்குகிற மாதிரி நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பையும் மட்டும் வாங்கிப் போனார்கள்.

"திரும்பி வருவாங்க சார்" என்றாள்.

"வரும்போது பார்ப்போம்" என்றார் மேலாளர். மறுநாள் அவள் கிடங்கில்.

முதல் நாள் மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். நான் சொன்னதில் என்ன தப்பு என்று பெட்டிகளிடம் கேட்டாள். பெட்டிகள் மேலாளர் கட்சி. மறுநாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள்: படுக்கிற குழந்தைக்கானது ஒரு சுவர் ஓரம், உட்காருகிறதுக்கு அடுத்தது, நிற்கிறதுக்கு, நடக்கிறதுக்கு என்று கிடங்கையே மாற்றி அடுக்கினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

ஏழு மாதம் போயிற்று. ஒரு காலையில் இரண்டாம் மாடிக்கு, தொட்டிலும் பையும் மட்டும் வாங்கிப் போன அந்தப் பெண் வந்தாள். குழந்தை அதே பையில் நெஞ்சோடு தூங்கியது. கூடவே அவள் குடியிருப்பிலிருந்து இன்னும் மூன்று பேர், ஆளுக்கொரு பிள்ளையோடு. மேலாளர் ஓடி வந்து முழு செட்டைக் காட்டினார்.

"நல்லா இருக்கு சார். அந்த அக்கா எங்க? அவங்க சொன்னாதான் நாங்க வாங்குவோம்."

மேலாளர் முழு செட்டின் அட்டையைத் திருப்பி வைத்தார். கீழே கையைக் காட்டினார்.

நான்கு பேரும் கிடங்குக்குள் நுழைந்தபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அதைக் காட்டிக்கொள்ள நேரம் இல்லை. பெட்டிகளைத் தட்டி உட்கார வைத்தாள்.

"பிள்ள இப்ப என்ன பண்ணுது?"

"உட்காருது அக்கா. விட்டா சாஞ்சிடுது. சோறு ஊட்ட ஹை சேர் வாங்கலாம்னு..."

"நேரா உட்காரட்டும், அப்புறம் வாங்கு. பை இன்னும் தாங்கும்."

இரண்டாவது குழந்தை பிடித்து எழுகிறதாம். மாடிப்படிக்குப் போடும் தடுப்புக் கதவு எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவது பெண், பிள்ளையை வெளியே தூக்கிப்போக முடியவில்லை என்றாள். ஒரு கையால் மடிக்கிற லேசான வண்டி. நான்காவது பெண்ணின் மகன் கிடங்கு முழுக்க ஓடினான். அவனைப் பிடித்து நிறுத்தி, வெளியே போட்டுக்கொள்ள வளைகிற அடி உள்ள செருப்பை மாட்டிப் பார்த்தாள்.

மேலாளர் கதவருகே வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"அக்கா, மேல வந்துருங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

அவள் பையனின் காலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அப்படி உட்காருங்க தம்பி. இவங்கள முதல்ல முடிச்சிடறேன்."

‘சார்’ ‘தம்பி’யாகிவிட்டதை மேலாளர் கவனித்தார். ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு, நான்கு பெண்களுக்கும் பின்னால் உட்கார்ந்தார்.