ஃபேன் குடித்த கரண்ட்

ஆறுமுகநேரி பஜாரில் நான் நடத்தும் ஆன்லைன் சேவைக் கடையில் இருப்பது ஒரே லேப்டாப். அதில் இரண்டு யுஎஸ்பி போர்ட். ஒன்று உப்புக்காற்றில் துருப்பிடித்துச் செத்துப்போனது. மிச்சமிருந்ததில் ஒரு ஹப்பைச் செருகி, ஒன்றை நாலாக்கிக்கொண்டேன். முதலாவதில் கைரேகை மெஷின், அடுத்ததில் என் போன், மூன்றாவதில் மாதா சொரூபத்தின் நீல விளக்கு, கடைசியில் கையடக்கமான ஒரு ஃபேன். ஃபேன் என் முகத்தைப் பார்த்து ஓடும். நாலு ஓட்டை இருந்தால் நாலுக்கும் கரண்ட் வரும் என்று நம்பிய ஆள் நான்.

எங்கள் ஊரில் கைரேகை விழவில்லை என்றால் யாரும் மெஷினைச் சந்தேகப்பட மாட்டார்கள். "உப்பளத்துல வேலை பாக்குத கை, தேஞ்சிருக்கும்" என்று விரலை வைத்தவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். உப்பு வாரும் கையில் ரேகை தேய்வது உண்மைதான். அந்த உண்மை எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

ஒரு கோடையில் உப்பளத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் வந்தார். கெமிக்கல் கம்பெனியில் இருந்த கணவர் இறந்தபின் அவருடைய பென்ஷன் இவருக்கு வந்துகொண்டிருந்தது. வருடத்துக்கு ஒருமுறை விரலை வைத்து, தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் செய்யாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். பத்து விரலையும் வைத்துப் பார்த்தார். மெஷினில் சிவப்பு விளக்கு எரியும், மங்கும், அணையும். மூன்று நாள் இதே கதை.

"தம்பி, நான் உசுரோடதான இருக்கேன்? நீங்க பாக்குதீங்கல்லா?"

"நான் பாக்குதேங்க்கா. மெஷின் பாக்கணும்லா."

நல்ல பதில் சொல்லிவிட்டதாக அன்று நினைத்தேன். இப்போது எழுதவே கூசுகிறது. அதோடும் நிறுத்தவில்லை, வைத்தியம் வேறு சொன்னேன். பத்து நாள் அளத்துக்குப் போகாமல் இருங்கள், தேங்காய் எண்ணெய் தடவுங்கள், ரேகை வளர்ந்துவிடும் என்றேன். உப்பு வாரும் நாட்கள் அவை. மழைக்காலத்துக்கும் சேர்த்து அப்போதுதான் சம்பாதிக்க வேண்டும். அக்கா மறுபேச்சில்லாமல் வீட்டில் இருந்துவிட்டார்.

பதினோராம் நாள் காலை வந்தார். ஃபேனைக் கழுவி வாசலில் காயவைத்திருந்தேன். முதல் விரலிலேயே ரேகை விழுந்தது. அக்கா மாதாவைக் கும்பிட்டார், பிறகு என்னையும் கும்பிட்டார். கூச்சமே இல்லாமல் நானும் ஏற்றுக்கொண்டேன்.

மத்தியானம் ஃபேன் காய்ந்து இடத்துக்குத் திரும்பியது. மகள் வீட்டுக்கு வந்திருந்த ஆழ்வார்திருநகரி வாத்தியார் ஒருவர், ரிட்டயர் ஆனவர், அதே சான்றுக்காக வந்தார். சாக்பீஸைவிடக் கடினமான எதையும் தொட்டிராத விரல்கள். ஒன்றுகூட விழவில்லை. "அளத்துல வேலை பாத்தீங்களா சார்?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன். அவர் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது கெடக்கட்டும். வேர்க்குது, அந்த ஃபேன கொஞ்சம் இங்கன திருப்புங்க."

திருப்பும்போது வயர் கழன்றது. ஃபேன் நின்றது. மெஷினின் சிவப்பு விளக்கு, நான் பார்த்தே இராத பிரகாசத்தில் எரிந்தது. வாத்தியார் உயிரோடு இருப்பது உடனே உறுதியானது.

அவர் போனபின் ஃபேனைச் செருகி என் விரலை வைத்தேன். விழவில்லை. கழற்றினேன். விழுந்தது. நாலு முறை செய்து பார்த்தேன். லேப்டாப் ஒரு போர்ட்டில் கொடுக்கும் கொஞ்சூண்டு கரண்டை நாலு பேரும் பங்கு போட்டிருக்கிறார்கள். பெரும்பங்கை ஃபேன் குடித்திருக்கிறது. அக்காவின் விரலில் ஒரு குறையும் இருந்ததில்லை.

மறுநாள் காலை அக்கா மூன்று பெண்களோடு வந்து நின்றார். மூவர் கையிலும் எண்ணெய் மினுங்கியது.

"இவளுவளும் இங்க ரேகை விழாம திரும்புனவளுவதான். தம்பி சொன்ன வைத்தியத்த இவளுவகிட்டயும் சொன்னேன். இன்னைலேந்து அளத்துக்குப் போவாண்டாம்னுட்டேன்."

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்றுதான் முதலில் தோன்றியது. மூன்று வீட்டு அடுப்பு நினைவுக்கு வந்ததும் பயந்துபோனேன். ஃபேனைப் பிடுங்கி மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெயைத் துடைத்துவிட்டு மூவரும் விரலை வைத்தார்கள், விழுந்தது. நேரமாகிறது என்று அங்கிருந்தே வேலைக்குப் போனார்கள்.

அக்கா மட்டும் நின்றார். கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப அந்தப் பத்து நாளு?"

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அக்கா பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.